மேகம் என்ற சொல்லும் பெண்ணின் நோயும்: தஞ்சை மருத்துவ மரபு முதல் இன்றைய மருத்துவமனை வரை

ஆய்வுச் சுருக்கம்

முதல்வகை நீரிழிவுடைய பெண்களுக்குப் பிறப்புறுப்பில் திரும்பத் திரும்பத் தோன்றும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று, இரத்தச் சர்க்கரையோடு நெருங்கிய தொடர்புடையது. தமிழ் மருத்துவ மரபு சிறுநீரில் இனிப்பு இறங்கும் நோயையும் வெள்ளை, வெட்டை முதலிய நோய்களையும் 'மேகம்' என்னும் ஒரே சொல்லின்கீழ் வைத்தது. அச்சொல் இரு நோய்களையும் அருகருகே நிறுத்தியது; அதே வேளையில் பெண்ணின் ஒழுக்கத்தின்மீது ஐயத்தையும் ஏற்றியது. பின்வந்த மருத்துவ அறிவியல் அவ்விரண்டையும் தனித்தனி நோய்களாகப் பிரித்தது. அப்பிரிவினால் துல்லியம் கூடியது. ஆனால் உறவு மறைந்தது. ஐயம் மட்டும் நீங்கவில்லை. இவ்வரலாற்றைத் தஞ்சையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: மேகம், மதுமேகம், வெள்ளைபடுதல், முதல்வகை நீரிழிவு, கேண்டிடா, சரபேந்திர வைத்திய முறைகள், தஞ்சாவூர்

1. முன்னுரை

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களையே நாடுவர். காவிரிப் படுகையின் மருத்துவ வரலாற்றிலும் வாந்திபேதி, மலேரியா, யானைக்கால் ஆகியவை பெற்ற கவனத்தைப் பெண்கள் வெளியில் சொல்லத் தயங்கும் நோய்கள் பெறவில்லை. உயிரைப் பறிக்காத நோய் என்பதால் அவை சிறியவை ஆகிவிடா. அரிப்பு, எரிச்சல், தயிர்த்திரள் போன்ற வெள்ளைப் போக்கு, சிறுநீர் கழிக்கையில் வலி, கூடலின்போது வலி ஆகியவற்றோடு ஆண்டுக்குப் பலமுறை போராடும் பெண்ணுக்கு அது வாழ்வையே சுருக்கும் நோய்.

இத்தொற்று ஏன் நீரிழிவுடையோரைத் தேடி வருகிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராம் அளவைக் கடக்கும்போது சிறுநீரகம் அதை முழுமையாக மீட்க இயலாமல் சிறுநீரில் விடுகிறது. சர்க்கரை கலந்த நீரும் சுரப்பும் பூஞ்சைக்கு உணவாகின்றன. உயர்ந்த சர்க்கரை, பூஞ்சையை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களின் ஆற்றலையும் குறைக்கிறது. பூப்புக்குப் பின் ஈஸ்ட்ரோசன் சுரப்பு யோனிச் சுவரில் கிளைக்கோசனைச் சேர்ப்பதால், குழந்தைப் பருவத்தில் அரிதான இத்தொற்று இளமையில் பெருகுகிறது. ஆகவே சிறுவயதிலேயே முதல்வகை நீரிழிவுக்கு ஆளான பெண், பூப்பெய்திய நாள்தொட்டு மாதவிடாய் நிற்கும்வரை இத்தொற்றின் எல்லைக்குள் வாழ்கிறாள். இவளைத் தமிழ் மருத்துவ வரலாறு எப்பெயரால் அறிந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. ஒரு சொல், பல நோய்கள்

தமிழில் 'மேகம்' என்ற சொல் இருவேறு வடசொற்களின் வடிவம். கார்முகிலைக் குறிக்கும் சொல்லும், நீர் கழித்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்து சிறுநீர் நோயைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றாயின. சித்த மருத்துவம் இவற்றுள் இரண்டாவதை விரிவாக வளர்த்தெடுத்தது. யூகி வைத்திய சிந்தாமணி மேகநீரை 20 வகையாகப் பகுக்கிறது. வாதத்தில் 4, பித்தத்தில் 6, கபத்தில் 10 என்பது அதன் கணக்கு. ஆயுர்வேதம் பிரமேகத்தை வகுத்த எண்ணிக்கையும் இதுவே. இவற்றுள் மதுமேகம் தேனின் இனிமையைச் சிறுநீரில் கண்டு இடப்பட்ட பெயர். சிறுநீரை எறும்பு நாடி வருதலைச் சரக சங்கிதை முன்னறிகுறியாகக் கூறுகிறது.

ஆனால் தமிழ் வழக்கில் மேகம் இந்த 20 வகையோடு நிற்கவில்லை. மேகவெட்டை, மேகவெள்ளை, மேகப்புண், மேகசூலை, மேகப்படை எனப் பிறப்புறுப்பு நோய்களும் தோல்நோய்களும் மூட்டுநோய்களும் அதன் குடைக்கீழ் வந்தன. பேச்சுவழக்கில் 'மேகநோய்' என்றாலே தகாத உறவால் வரும் நோய் என்ற பொருள் நிலைபெற்றது. இனிப்புநீரும் வெள்ளைப் போக்கும் பால்வினைப் புண்ணும் ஒரே குலத்தின் உறுப்பினராயின.

இக்குலப்பெயரை வெறும் குழப்பம் என்று தள்ளிவிட முடியாது. நோயாளியின் உடலை முழுமையாகக் கண்ட மருத்துவனுக்கு, மிகுநீர் கழிப்பவளிடம் அரிப்பும் எரிவும் வெள்ளையும் கூடவே தோன்றுவது கண்முன் நிகழ்ந்த உண்மை. மருந்துகளிலும் இவ்வுறவு தெரிகிறது. ஆவாரை, கடலழிஞ்சில், கொன்றை, நாவல், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகியவை சேர்ந்த ஆவாரைக் குடிநீர் மதுமேகத்துக்கு இன்றும் வழங்கப்படுவது. அதே ஆவாரை, குணபாட மரபில் மேகநீரையும் உடல் எரிவையும் ஒருசேரத் தணிக்கும் பொருளாகப் போற்றப்படுகிறது. ஆயினும் அவ்வுறவுக்குக் கொடுக்கப்பட்ட காரணம் வேறு. உடல் சூடேறித் தாதுக்கள் உருகி வெளியேறுகின்றன என்பதே அக்காரணம். வெள்ளைபடுதலால் உடல் உருகிப் போகிறது என்று தஞ்சைச் சிற்றூர்களில் பெண்கள் இன்றும் அஞ்சுவது இக்கோட்பாட்டின் எச்சமாகும்.

3. நூல்கள் கண்ட நோயாளி

மேக நூல்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன? அகத்தியர் பெயரில் வழங்கும் புகழ்பெற்ற பாடலொன்று, பெண்களோடு மிகுதியாகக் கூடுதல், கொழுத்த மீனும் இறைச்சியும் உண்ணுதல், நெய்யும் பாலும் மிகுதியாகக் கொள்ளுதல் ஆகியவற்றை மேகத்தின் காரணங்களாக அடுக்குகிறது. இங்கே நோயாளி ஆண், செல்வன், போகி. பெண் நோயாளியாக வரவில்லை, நோயின் காரணமாக வருகிறாள்.

வடமொழி மருத்துவ உரைமரபில் இதனினும் வெளிப்படையான ஒரு கருத்து பதிவாகியுள்ளது. மாதந்தோறும் உதிரம் வெளியேறுவதால் பெண்ணுடல் தூய்மையடைகிறது. ஆதலின் பெண்களுக்குப் பிரமேகம் வருவதில்லை என்பது அக்கருத்து. மாதவிடாயைத் தீட்டென விலக்கிய சமூகத்தில் அதுவே இங்குக் காப்பாகவும் கொள்ளப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. இவ்வாறு பெண்ணின் நீரிழிவு கோட்பாட்டளவில் மறுக்கப்படும்போது, அவளிடம் தோன்றும் வெள்ளைக்கும் அரிப்புக்கும் வேறொரு விளக்கம் தேடப்படுவது இயல்பு. மேகக் குடும்பத்தில் அவளுக்கென மிஞ்சியிருந்தது வெட்டையும் மேகப்புண்ணுமே.

சுசுருத சங்கிதை நீரிழிவை உடன்பிறந்தது எனவும் தவறான உணவுப் பழக்கத்தால் வருவது எனவும் இரண்டாகப் பிரித்து, முன்னதற்கு ஆளானவர் மெலிந்தவர், குறைவாக உண்பவர், தாகம் மிக்கவர் என விவரிப்பது குறிப்பிடத்தக்கது. இன்றைய முதல்வகை, இரண்டாம்வகைப் பகுப்போடு இதை முழுமையாகப் பொருத்துவது மிகையாகும். எனினும் மெலிந்தவரின் நீரிழிவு வேறு என்ற கூர்நோக்கு அங்கே உண்டு. அவ்வாறு மெலிந்த இளம்பெண் நெடுநாள் வாழ்ந்திருக்க வாய்ப்பில்லை. அவளுக்குத் திரும்பத் திரும்ப வரும் தொற்றைக் காணும் வாய்ப்பும் மருத்துவனுக்கு இல்லை. பழைய மருத்துவன் கண்ட, வெள்ளையோடு கூடிய இனிப்புநீர் நோய் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களின் நோயாகவே இருந்திருத்தல் வேண்டும்.

4. தன்வந்திரி மகாலும் நோய்வாரிப் பகுப்பும்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியின் காலம், தமிழ் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகியவற்றில் வல்லோர் பணியாற்றினர். மருந்து முறைகள் தொகுக்கப்பட்டன. கண்நோயாளர்களின் நோய்நிலைக் குறிப்புகள் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் காணக் கிடைக்கின்றன. நோயாளியைத் தனியாளாகப் பதிவுசெய்யும் முறை தஞ்சையில் வேர்கொண்டதற்கு அவை சான்று.

மன்னரின் பெயர்தாங்கிய சரபேந்திர வைத்திய முறைகள் சரசுவதி மகால் வாயிலாக நோய்வாரியாகத் தனித்தனித் தொகுதிகளாக அச்சேறின. நீரிழிவுக்கு ஒரு தொகுதி; கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு தொகுதி; கண்நோய்க்கு ஒரு தொகுதி என அவை அமைந்தன. இப்பகுப்பு பயில்வோர்க்குப் பெருநன்மை செய்தது. அதே சமயம், பெண்ணுடல் கருவுறுதலோடும் மகவோடும் சேர்த்து ஓரிடத்திலும், நீரிழிவு பிறிதோரிடத்திலும் வைக்கப்பட்டன. மேகம் என்ற பழைய சொல் அருகருகே வைத்திருந்தவை நூலடுக்கில் விலகி நின்றன. பிற்கால மருத்துவமனைகளில் நீரிழிவுப் பிரிவும் மகளிர் பிரிவும் தனித்தனிக் கட்டடங்களில் அமைந்ததற்கு இதுவே காரணம் என்று கூற முடியாது. அவற்றிடையே ஓர் ஒப்புமை உண்டு என்பதை மறுக்கவும் முடியாது.

இதே காலத்தில் அண்டை நாடான இலங்கையில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் தாமசு கிறித்தி, அங்கு வழங்கிய 'மதுமேகம்' என்ற சொல்லைக் குறித்து 1811-இல் எடின்பரோ மருத்துவ இதழில் எழுதினார். ஐரோப்பாவில் மேத்யூ டாப்சன் நீரிழிவாளரின் சிறுநீரிலும் இரத்தத்திலும் சர்க்கரை இருத்தலை 1776-இல்தான் நிறுவியிருந்தார். தென்னாசியரின் சொல்லே அவ்வுண்மையை உள்ளடக்கியிருந்தது கிறித்தியின் கவனத்தை ஈர்த்தது.

5. வெள்ளையும் ஐயமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் போக்கு அரசின் விவகாரமாயிற்று. படைவீரர்களைப் பால்வினை நோயிலிருந்து காக்கும் பொருட்டு, சென்னை மாகாணத்தின் படைக்குடியிருப்புகளில் லாக் மருத்துவமனைகள் நடத்தப்பட்டன. இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் எனப்பட்ட 1868-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுசெய்யப்பட்ட பெண்களைக் கட்டாயமாகச் சோதித்து அடைத்துவைக்க வழிசெய்தது. அது 1888-இல் நீக்கப்பட்டது. வெட்டைநோயை உண்டாக்கும் கிருமியை ஆல்பர்ட் நைசர் 1879-இல்தான் கண்டார். அதற்குமுன் சோதித்த மருத்துவருக்கு வெட்டையால் வந்த போக்கையும் ஏனைய போக்கையும் பிரித்தறிய உறுதியான கருவி எதுவும் இல்லை. நீரிழிவால் வந்த வெள்ளையும் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளப்படும் இடர் அங்கே இருந்தது.

நுண்ணோக்கி இக்கலவையை மெல்லப் பிரித்தது. ஆல்பிரெட் தொன்னே 1836-இல் யோனிப் போக்கில் டிரைக்கோமோனாசு என்னும் ஓரணு உயிரியைக் கண்டார். வில்கின்சன் 1849-இல் யோனியில் பூஞ்சை வளர்தலை விவரித்தார். ஒரே 'வெள்ளை'க்குள் குறைந்தது மூன்று நோய்கள் அடங்கியிருந்தமை இவ்வாறு தெளிவாயிற்று. இவற்றுள் பூஞ்சை, பெரும்பாலும் உடலில் இயல்பாகவே தங்கியிருப்பது; சூழல் இசைந்தபோது பெருகுவது; பால்வினை நோயாகக் கொள்ளப்படாதது.

இத்தெளிவு தமிழ்ச் சந்தையை எட்டவில்லை. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) உருவாக்கிய சஞ்சீவி மருந்துகள் தமிழகத்துக்கு அப்பாலும் புகழ்பெற்றதிலிருந்து, நாட்டு மருந்து வைத்தியர் வீட்டுத் திண்ணையை விட்டுச் சந்தைக்கு வந்த காலத்தை அறியலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் இதழ்களை நிரப்பிய வேறுபல மருந்து விளம்பரங்கள் மேகம், வெள்ளை, வெட்டை, நீரிழிவு ஆகியவற்றை ஒரே மூச்சில் அடுக்கின. உடலைக் காட்டாமல் அஞ்சலில் மருந்து பெறலாம் என்பது பெண்களுக்கு ஆறுதல். நோய் இன்னதென்று அறியாமலே மருந்துண்பது அதன் விலை. இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1954-இல் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு, பெண்களின் நோய்கள், பால்வினை நோய்கள் மூன்றும் இடம்பெற்றன. மேகத்தின் பழைய குடும்பம் சட்டப் புத்தகத்தில் மீண்டும் ஒன்றுகூடியது எனலாம்.

6. இன்சுலின் உருவாக்கிய புதிய நோயாளி

கனடாவின் தொராண்டோ நகரில் 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது நீரிழிவின் வரலாற்றை இரண்டாகப் பிளந்த நிகழ்ச்சி. அதற்குமுன் இந்நோய் வந்த சிறுமி சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்தாள். அதற்குப்பின் அவள் வளர்ந்தாள், பூப்பெய்தினாள், மணந்தாள், கருவுற்றாள். முதல்வகை நீரிழிவோடு முழுவாழ்வு வாழும் பெண், வரலாற்றில் ஒரு நூற்றாண்டுக்கு உட்பட்டவள். ஓலைச்சுவடிகளில் அவளுக்கான மருத்துவம் இல்லாமை சுவடிகளின் குறையன்று. அவள் அன்று இல்லை.

தமிழகத்தில் இவளுக்கான தனி மருத்துவம் மேலும் கால்நூற்றாண்டு கழித்தே அமைந்தது. பேராசிரியர் மோ. விசுவநாதன் சென்னை அரசு இசுடான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென மருத்துவமனை நிறுவினார். சென்னையில் 1990-களில் நடத்தப்பட்ட பதிவேட்டாய்வு, 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 10.5 பேர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாவதாகக் கணக்கிட்டது.

பூஞ்சைக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு இதற்கிடையே துலங்கியது. நீரிழிவுடைய பெண்களின் பிறப்புறுப்பு அழற்சி நெடுங்காலம் சிறுநீர்ச் சர்க்கரையின் நேரடி உறுத்தலாகவே கருதப்பட்டது. அது பெரும்பாலும் பூஞ்சையின் வேலை என்பதை அமெரிக்க மருத்துவர் எசல்டைன் 1933-இல் வெளியிட்ட கட்டுரை வலியுறுத்தியது. பூஞ்சையைக் கொல்லும் முதல் பாதுகாப்பான மருந்தான நிசுட்டாட்டினை எலிசபெத் ஏசன், ரேச்சல் பிரௌன் என்னும் இரு பெண் அறிவியலாளர்கள் 1950-இல் அறிவித்தனர். குளோட்ரிமசோல், புளுகோனசோல் ஆகியவை அதனைப் பின்தொடர்ந்தன.

7. மீள்வரும் தொற்றும் இன்றைய மருத்துவமும்

ஓராண்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை அறிகுறிகளோடு வருவதை மீள்வரும் தொற்று என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வரையறுக்கிறது. இதற்கு ஒற்றை வேளை மருந்து போதாது. தொடக்க மருத்துவத்துக்குப்பின் வாரம் ஒருமுறை 150 மில்லிகிராம் புளுகோனசோலை 6 மாதம் தொடர்வது வழக்கமான முறை. இதனைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 6 மாத முடிவில் 90.8 விழுக்காட்டுப் பெண்கள் நோயற்றிருந்தனர். மருந்தை நிறுத்தி மேலும் 6 மாதம் கழிந்தபின் அவ்வளவு 42.9 ஆகக் குறைந்தது. மருந்து அடக்குகிறது, வேரறுப்பதில்லை. நீரிழிவாளரிடம் அவ்வேர் சர்க்கரையில் இருக்கிறது.

நீரிழிவாளருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுள்ள நீரிழிவுப் பெண்களில் 61.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது கேண்டிடா கிளாபிரேட்டா என்னும் இனம். பொதுமக்களிடம் மிகுந்து காணப்படும் ஆல்பிகன்சு 28.8 விழுக்காட்டினரிடமே இருந்தது. கிளாபிரேட்டா புளுகோனசோலுக்கு எளிதில் பணியாது. அவ்வினத் தொற்றில் ஒற்றை வேளை புளுகோனசோல் 28.6 விழுக்காட்டினரிடம் பூஞ்சையை நீக்கியது; யோனியில் வைக்கும் 600 மில்லிகிராம் போரிக் அமில மருந்து 14 நாளில் 63.6 விழுக்காட்டினரிடம் நீக்கியது. வாய்ப்புண்ணுக்கு வெங்காரத்தை ஆண்ட தமிழ் மருத்துவத்துக்குப் போரான் சேர்மங்கள் புதியவை அல்ல. எனினும் வெங்காரமும் போரிக் அமிலமும் ஒன்றல்ல; போரிக் அமிலம் வாய்வழி சென்றால் நஞ்சு; கருவுற்றோர் தவிர்க்க வேண்டியது. பழமையைக் காட்டி இன்றைய மருந்துக்குச் சான்று தேடுவது ஆய்வாகாது.

சிறுநீரில் சர்க்கரையை வேண்டுமென்றே வெளியேற்றி இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் புதிய மாத்திரைகளும் இங்குக் கருதத்தக்கவை. அவற்றுள் ஒன்றான டாபாகிளிப்ளோசின் முதல்வகை நீரிழிவுக்கென ஐரோப்பாவில் 2019-இல் ஒப்புதல் பெற்று, 2021-இல் அப்பயன்பாடு திரும்பப் பெறப்பட்டது. இம்மாத்திரைகளை உண்போரிடம் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று பெருகுவது நன்கறியப்பட்ட பக்கவிளைவு. சிறுநீர் மீண்டும் 'மது'வாகும்போது வெள்ளையும் உடன்வருகிறது; பழைய வைத்தியன் கண்ணால் கண்ட உறவுக்கு இது மறுக்கவியலாச் சான்று.

8. இரண்டு வாயில்கள்

இன்று தஞ்சை மாவட்டத்து உழைக்கும் பெண் இந்நோயோடு எங்கே செல்கிறாள்? தமிழக அரசு 2021 ஆகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுவாயிலுக்கே கொண்டுவருகிறது. இது பெரும் சாதனை. வெள்ளைபடுதலுக்கோ தேசிய எய்ட்சு கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பால்வினை நோய்த் திட்டம் ஆயத்தப் பொட்டலம் ஒன்றை வகுத்துள்ளது. 2-ஆம் எண் கொண்ட அப்பச்சைப் பொட்டலத்தில் செக்னிடசோல் 2 கிராமும் ஒற்றை வேளை புளுகோனசோல் 150 மில்லிகிராமும் உள்ளன. ஆய்வக வசதியற்ற இடங்களில் பலரைக் காக்கும் ஏற்பாடு அது. முதல்வகை நீரிழிவோடு நான்காம் முறையாக வருபவளுக்கு அது போதாது என்பது மேலே கண்ட எண்களால் விளங்கும்.

சர்க்கரைக்கு ஒரு வாயில். வெள்ளைக்கு வேறொரு வாயில். முதல் வாயிலில் வெள்ளையைப் பற்றி வினா எழுவது அரிது. இரண்டாம் வாயில் பால்வினை நோய்ப் பெயர்ப்பலகையைத் தாங்கி நிற்கிறது. நடவுக் காலத்தில் சேற்றுநீரில் நாள் முழுதும் நின்று, ஈரத் துணியோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அரிப்பு 'வேலைச் சூடு' என்றே தோன்றும். ஊசி போடுவதை மறைத்து மணம்பேசப்படும் இளம்பெண்ணுக்கோ, அப்பெயர்ப்பலகையைக் கடப்பதே பெருந்தடை. மேகம் என்ற சொல் மருத்துவமனைச் சீட்டிலிருந்து நீங்கிவிட்டது. அதன் ஐயம் வாயிற்படியில் நிற்கிறது.

9. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மேகம் என்ற தமிழ்க் கருத்தாக்கம் இனிப்புநீரையும் வெள்ளையையும் இணைத்தது சரியான கூர்நோக்கு. அதற்குக் கொடுத்த காரணம் தவறு. அதனால் பெண்மீது விழுந்த பழி அநீதி. இரண்டாவது, நுண்ணோக்கியும் இன்சுலினும் தந்த துல்லியம் இரு நோய்களையும் பிரித்துக் காட்டியபோது அவற்றின் உறவைக் கவனிக்கும் பொறுப்பு யாருக்கும் உரியதாகாமல் போயிற்று. மூன்றாவது, முதல்வகை நீரிழிவோடு வாழும் பெண் இன்சுலின் யுகத்தின் மகள். அவளைப் பழைய சொற்களால் அளப்பதும், ஒற்றை வேளை மருந்தால் அனுப்பிவைப்பதும் பொருந்தா.

நீரிழிவு மருத்துவர் ஒவ்வொரு பெண் நோயாளியிடமும் அரிப்பும் வெள்ளையும் உண்டா என வினவுவதும், மீண்டும் மீண்டும் வெள்ளையோடு வருபவளின் சர்க்கரையையும் பூஞ்சையின் இனத்தையும் மகளிர் மருத்துவர் சோதிப்பதும் புதுமையான செயல்கள் அல்ல. ஒரே உடலில் இருப்பவற்றை ஒரே பார்வையில் காண்பது தஞ்சைச் சுவடிகள் அறிந்த முறைதான். பழியை நீக்கி அப்பார்வையை மட்டும் மீட்டெடுப்பதே இவ்வரலாறு இன்றைய மருத்துவத்துக்குக் காட்டும் வழி.